நாற்பத்து மூன்றாவது காப்பு

செங்காட்டூர், ஒரகடம் வழி
10.8.2025

அன்புத் தம்பி திருமலைக்கு,

அக்கா கங்கம்மாள் எழுதுவது. இங்கே நான், உன் மாமா, என் முழங்கால் வலி மூன்று பேரும் சுகம். அங்கே உன் உடம்பும் உன் கோபமும் எப்படி இருக்கின்றன என்று எழுது. இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கப்போகும் ஜெயில் ஐயாவுக்கும் வணக்கம். ஐயா, நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஜெயிலிலிருந்து பேச விடுவதே பத்து நிமிடம். அதில் எட்டு நிமிடம் நீ "ம்" என்கிறாய். மீதி இரண்டு நிமிடம் "அப்புறம்" என்கிறாய். பேப்பரில் எழுதினால் நீ குறுக்கே "ம்" போட முடியாது.

பேச்சிராஜ் விஷயத்தை அங்கேயே பேப்பரில் படித்திருப்பாய். ஜூலை முப்பது, புதன்கிழமை, ஸ்டேஷனில் செத்துப்போனான். அன்று காலையில்தான் வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் பிடித்தோம், இரண்டு மணி நேரத்தில் வலிப்பு வந்துவிட்டது என்கிறார்கள் போலீஸ்காரர்கள். அதற்கடுத்த திங்கட்கிழமை அவன் கூண்டில் ஏறி, "திருமலை சேர்மன் காரைக் கொளுத்தியதை நான் பார்க்கவில்லை, என்னை அடித்துக் கையெழுத்து வாங்கினார்கள்" என்று சொல்ல இருந்தான். இருபத்து நான்கு வருஷமாக வராத வலிப்பு அந்தப் புதன்கிழமை பார்த்து வந்ததாம்.

அவன் அம்மா அன்னக்கிளி விளாத்திகுளத்திலிருந்து வந்து, உடம்பை வாங்க மாட்டேன் என்று நான்கு நாள் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தார். வீடியோ வைத்துப் பிரேதப் பரிசோதனை செய்த பிறகுதான் ஊருக்கு எடுத்துப்போனார். மாஜிஸ்திரேட் விசாரணை நடக்கும் என்று வக்கீல் தென்றல் சொல்கிறாள்.

இதற்கு மேல் எழுதினால் பேப்பர் நனையும். வேறு பேசலாம். உன் பைக்கை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். மெஸ் பார்சலைப் பின்னால் கட்டிக்கொண்டு கம்பெனி கேட் வரைக்கும் போய் வருகிறேன். இதுவரை ஒரே ஒரு போர்டைத்தான் சாய்த்திருக்கிறேன். அதில் "மெதுவாகச் செல்லவும்" என்று எழுதியிருந்தது. நான் மெதுவாகத்தான் சாய்த்தேன்.

வேளைக்குச் சாப்பிடு. முறைத்துக்கொண்டே சாப்பிடாதே, செரிக்காது.

உன் அக்கா,
கங்கம்மாள்

*

மத்தியச் சிறை
19.8.2025

அக்காவுக்கு,

திருமலை. உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் கொஞ்சம் குறைவு. மாமாவைக் கேட்டதாகச் சொல். பைக்கைத் தொடாதே.

அடுத்த பஞ்சாயத்துத் தேர்தலில் சேர்மனுக்கு எதிராக நம் கம்பெனித் தொழிலாளர் சங்கத்து ஆளை நிறுத்துவோம் என்று கூட்டம் போட்டோம். மறுவாரம் அவர் கார் எரிந்தது. நாங்கள் ஒன்பது பேர் உள்ளே வந்தோம். எங்களைக் கட்டிப்போட்டிருப்பது பேச்சிராஜின் அந்த ஒரே கையெழுத்து. கார் எரிந்தபோது அவன் கம்பெனிக்குள் பி ஷிஃப்டில் இருந்தான் என்பது உனக்கும் தெரியும்.

தென்றல் நேற்று வந்தார். பரிசோதனையில் அவன் உள்ளங்கால் இரண்டும் வீங்கிக் கறுத்திருந்ததாம். போலீஸ் அதற்கு என்ன சொல்கிறார்கள் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் தீமிதியில் இறங்கினானாம், அந்தப் புண்ணாம். கோவில் நோட்டீஸில், காப்புக் கட்டிய நாற்பத்து மூன்று பேர் பட்டியலில் அவன் பெயரும் இருக்கிறது, அதைக் காட்டுகிறார்கள்.

சனிக்கிழமையே அவனைத் தூக்கிப்போய் நான்கு நாள் வைத்து அடித்தார்கள் என்று தென்றல் நினைக்கிறார். அதை நிரூபித்தால் பழைய கையெழுத்தும் அடித்து வாங்கியதுதான் என்று கோர்ட் நம்பும்.

உன் மெஸ்ஸில் மூன்று வேளையும் சாப்பிட்டவன் அவன். அக்கா, அவன் தீ மிதித்தானா? சனிக்கிழமை முதல் எங்கே இருந்தான்? காணோம் என்றால் நீ தேடியிருப்பாயே?

உடனே எழுது.

திருமலை

*

செங்காட்டூர்
2.9.2025

தம்பி திருமலைக்கு,

கும்பிட்டுக்கொள்வது அக்கா. உன் கடிதம் வந்தது. "பைக்கைத் தொடாதே" என்று எழுதியிருந்தாய். தொடவில்லை. ஏறி உட்கார்ந்துகொள்கிறேன், அவ்வளவுதான். மாமாவுக்கு ஜலதோஷம். தும்மும்போது மட்டும்தான் வீட்டில் மனிதர் இருப்பதே தெரிகிறது.

பேச்சிராஜைக் கேட்டாய். அவன் முதன்முதலில் மெஸ்ஸுக்கு வந்த கதையை உனக்கு நான் சொல்லவே இல்லையே. ஜூன் மாதம். மத்தியானக் கூட்டம் அடங்கிய நேரம். ஒல்லியாக ஒருவன், யூனிஃபார்ம்கூட மாற்றாமல் வாசலில் நிற்கிறான்.

"யக்கா, உங்க தம்பிக்கு எதிரா கையெழுத்துப் போட்டவம் நாந்தான். எனக்குச் சோறு போடுவியளா?"

எனக்குக் கரண்டியால் அடிக்கலாமா, கையால் அடிக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசனை. அப்புறம் அவன் காலைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றி வெளியிலேயே விட்டுவிட்டு வெயிலில் நிற்கிறான்.

"குந்து. சோறு போடறேன். ஆனா சாம்பாரு தண்ணியாத்தான் கீது. அதான் உனக்குத் தண்டனை" என்றேன்.

குடித்துப் பார்த்துவிட்டு, "யக்கா, ரசம் நல்லாருக்கு. சாம்பார் எங்க?" என்றான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இவன் நம் வீட்டுப் பிள்ளை என்று. அன்றைக்கே அவனும் முடிவு செய்தான், கோர்ட்டில் உண்மையைச் சொல்வதென்று.

ஆடி பிறந்ததும் நான்தான் அவனை வம்புக்கு இழுத்தேன். "உங்க ஊர்ல வாயிலதான் வீரமாடா? எங்க ஆத்தாளுக்குத் தீ மிதிப்பியா?" என்றேன். "அடுப்பு பத்தவைக்கவே எனக்குப் பயம். ஆனாலும் மிதிக்குதேன் யக்கா, ஒங்க தம்பி வெளிய வரணும்லா" என்றான். ஜூலை பதினெட்டு, வெள்ளிக்கிழமை, மாரி பூசாரி அவன் வலது கையில் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு வைத்துக் காப்புக் கட்டினார். நாற்பத்து மூன்றாவது ஆள். ஒன்பது நாள் கறி கிடையாது. பக்கத்துக் கடையில் பிரியாணி அண்டா திறக்கும் நேரம் பார்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு என் சமையல்கட்டுக்குள் ஓடிவருவான். மத்தியான வெயிலில் செருப்பில்லாமல் தார் ரோட்டில் நடந்து பழகினான். நடந்தானா? கங்காரு மாதிரிக் குதித்தான். ஷேர் ஆட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள்.

"பயமா இருந்தா சொல்லுடா. நம்ம ஊரு வழக்கம் தெரியுமில்ல? எல்லைக் கல்லுல காப்பைக் கழட்டிக் கட்டிட்டு யாரு வேணும்னாலும் போலாம், ஆத்தா கோச்சுக்க மாட்டா. போன வருஷம் எலக்ட்ரீஷியன் சுபாஷ் கட்டிட்டு ஓடிட்டான். ஊருக்கே டீ வாங்கித் தந்தான்" என்றேன்.

"எனக்கு டீ வாங்கித் தரக் காசில்ல யக்கா. மிதிச்சிருதேன், அதாம் லாபம்" என்றான்.

அப்புறம் சனிக்கிழமை வந்தது. அடுப்பில் பால் பொங்குகிறது, போய்ப் பார்க்க வேண்டும். இத்துடன் நிறுத்துகிறேன்.

அக்கா

*

மத்தியச் சிறை
12.9.2025

அக்காவுக்கு,

நலம். மாமாவின் தும்மல் நின்றதா?

உன் கடிதத்தை ஒன்பது பேரும் உட்கார்ந்து படித்தோம். கங்காரு இடத்தில் தாண்டவராயன் அண்ணன் சிரித்துச் சிரித்துப் புரையேறி, வார்டர் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். அப்புறம் அவரும் வாங்கிப் படித்தார். ஆறு மாதத்தில் இங்கே கேட்ட முதல் சிரிப்பு.

பால் பொங்கியிருக்கும். இந்நேரம் அடங்கியும் இருக்கும். சனிக்கிழமையைச் சொல்.

திருமலை

*

செங்காட்டூர்
20.10.2025

தம்பிக்கும், கூட இருக்கும் எட்டுத் தம்பிகளுக்கும், கடிதம் படிக்கும் ஐயாவுக்கும் தீபாவளி வாழ்த்து.

எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளித்தீர்களா? நான் இங்கே ஐம்பது பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்துவிட்டேன். பஸ் கிடைக்காமல் ஊருக்குப் போகாத தெற்கத்திப் பிள்ளைகள். ஒருத்தன் தலையில் வைத்த எண்ணெயில் இன்னும் நான்கு வடை சுடலாம். அதிரசம் செய்தேன். கல் மாதிரி வந்தது. உன் மாமா ஒன்றைக் கடித்துவிட்டு, கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

உன் போன கடிதம் எங்கேயோ கைமாறிப்போய்த் தாமதமாகக் கிடைத்தது. அதனால்தான் பதில் தாமதம். வேறொன்றுமில்லை.

விசாரணைக்கு வரச்சொல்லி எனக்கு மாஜிஸ்திரேட் சம்மன் வந்திருக்கிறது. முழங்கால் இருக்கும் லட்சணத்தில் போக முடியுமோ என்னவோ. தென்றல் வீட்டுக்கு வந்தாள். எனக்கு ஒன்றும் தெரியாதம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஊரில் தீ மிதித்தவர்கள் நாற்பத்திரண்டு பேர் இருக்கிறார்களே, அவர்களைக் கேட்கட்டும். அவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லையாம். பாதிப் பேருக்கு வேலை சேர்மனின் கான்ட்ராக்டில். அவர்களே சொல்லாதபோது சோறாக்குகிற நான் என்ன சொல்ல?

பட்டாசுச் சத்தத்தில் எழுத வரவில்லை. மற்றவை பிறகு.

அக்கா

*

மத்தியச் சிறை
31.10.2025

அக்காவுக்கு,

நலம். அதிரசம் வந்து சேர்ந்தது. சோதனை செய்தவர்கள் உள்ளே ஏதாவது ஒளித்திருக்கிறதா என்று உடைக்கப் பார்த்தார்கள். முடியவில்லை.

முழங்கால் வலியோடு பைக் ஓட்டுகிறாய். கோர்ட் பெஞ்சில் உட்கார முடியாதா?

நீ போகாவிட்டாலும் நான் கோபப்பட மாட்டேன். நிஜமாகத்தான் சொல்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ யாரையும் விட்டுவைப்பதில்லை. மாமா, சுபாஷ், ஜெயில் ஐயா, நான், எல்லோரையும் கிண்டல் செய்கிறாய். பேச்சிராஜையும் வெள்ளிக்கிழமை வரைக்கும் செய்தாய். சனிக்கிழமைக்குப் பிறகு அவனை மட்டும் ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. ஏன் அக்கா?

திருமலை

*

செங்காட்டூர்
25.11.2025

தம்பி,

சுகம் விசாரிக்க இன்று வாய் வரவில்லை. நீ சுகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று வாரமாக இந்தப் பேப்பரை மடித்து மடித்து வைத்திருக்கிறேன். சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலையில் ஏழு மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு, "ஏ ஷிஃப்டுக்கு லேட்டு, வாரேன் யக்கா" என்று போனான். ராத்திரி சாப்பாட்டுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. நான் தேடவில்லை. தீக்குப் பயந்து எங்கேயோ போய் ஒளிந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். ஊர் முழுக்க அப்படித்தான் நினைத்தது. வருஷா வருஷம் யாராவது ஒருவன் ஓடுவான் இல்லையா.

ஞாயிறு சாயந்திரம் ஆறரை மணி. தீ தயார். மாரி பூசாரி மைக்கில் பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருத்தராகக் குளத்திலிருந்து வருகிறார்கள். கடைசிப் பெயர் பேச்சிராஜ். மூன்று தடவை கூப்பிட்டார். ஆள் இல்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். மைக்கைப் பிடுங்கினேன்.

"விளாத்திகுளத்து வீரர் பேச்சிராஜ் எங்கிருந்தாலும் கோவிலுக்கு வரவும்! தீ ஆறிப்போச்சுப்பா, பயப்படாதே! நீ வர்றதா இருந்தா ஃபயர் சர்வீஸு வண்டிய வேணும்னாலும் கூப்பிட்டு நிக்க வெக்கிறோம்!"

ஊரே சிரித்தது. சுபாஷ் அதை வீடியோ எடுத்தான். எட்டு மணிக்கு அவன் அம்மா எனக்குப் போன் செய்தார். "பய போனை எடுக்கலையே தாயி" என்றார். மேளச் சத்தத்தில் கத்திச் சொன்னேன்: "தீக்குப் பயந்துகினு எங்கனா ஒளிஞ்சிகினு இருக்கான்கா! வயிறு பசிச்சா வந்துடுவான்!" அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த ஸ்டேஷன் நம் கோவிலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். திருவிழாவுக்கு ஸ்டேஷன் வாசல் வரைக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். தம்பி, நான் பேசியது அவன் காதில் விழுந்திருக்கும்.

அவன் செத்த மறுநாள் நான் வீடு வீடாகப் போய் அந்த வீடியோவை எல்லோர் போனிலும் அழிக்கச் சொன்னேன். என் போனில் மட்டும் அழிக்கவில்லை. அழிக்கத் தெரியாமல் இல்லை. அந்தத் தாய் அதைப் பார்த்துவிடக்கூடாது என்றுதான் இத்தனை நாளும் உனக்குப் பாலையும் அதிரசத்தையும் எழுதிக்கொண்டிருந்தேன்.

கங்கம்மாள்

*

மத்தியச் சிறை
4.12.2025

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தேன். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தபோது, நீ எழுதியது என்னவென்று உனக்கே தெரியவில்லை என்பது புரிந்தது.

அவன் ஞாயிற்றுக்கிழமை தீ மிதித்தான், அதனால்தான் உள்ளங்கால் புண் என்கிறார்கள் போலீஸ்காரர்கள். அதே ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு, அவன் அங்கே இல்லை என்று நீ ஊருக்கே மைக் போட்டுச் சொல்லியிருக்கிறாய். அதற்கு வீடியோ இருக்கிறது. அக்கா, நீ அழிக்காமல் வைத்திருப்பது உன் குற்றத்தை இல்லை. அவனுக்கு இருக்கிற ஒரே சாட்சியை.

இன்னொன்றும் உண்டு. பரிசோதனைத் தாளில், "வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஒன்று" என்று ஒரு வரி இருக்கிறது. தென்றல் அதைப் படித்துவிட்டு ஏதோ கோவில் கயிறு என்று தாண்டிப்போயிருக்கிறார். மாஜிஸ்திரேட்டுக்கும் அது தெரியாது. தீ மிதித்து ஏறியவன் கைக் காப்பை அந்த இடத்திலேயே பூசாரி அறுத்துத் தீயில் போட்டுவிடுவார். பயந்து போகிறவன் எல்லைக் கல்லில் கட்டிவிட்டுப் போவான். புதன்கிழமை வரைக்கும் கையில் காப்பு இருந்தால் என்ன அர்த்தம்? அதை அவர்களுக்குச் சொல்லத் தெரிந்தவள் நீதான்.

அவன் அம்மா முன்னால் சொல்வது உனக்குக் கஷ்டம்தான். சொல்லாமல் நீ இருந்த நான்கு மாதம் அதைவிடக் கஷ்டமாகத் தெரிகிறது எனக்கு.

போ அக்கா. பைக்கிலேயே போ.

திருமலை

*

செங்காட்டூர்
19.12.2025

என் தம்பி திருமலைக்கு,

ஆயிரம் முத்தத்துடன் அக்கா. சுகம், சுகம், எல்லாம் சுகம். முழங்காலைக் கேட்டால் அதுவும் சுகம் என்கிறது.

உன் கடிதம் வந்த அன்றே அந்த வீடியோவை ஊர் வாட்ஸ்அப் குழுவில் நானே போட்டேன். கீழே, "விசாரணைக்குப் போறேன், கூட வர்றவங்க வரலாம்" என்று எழுதினேன். ஒரு மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் மாரி பூசாரி வாசலில் வந்து நின்றார். "காப்புக் கட்டினது நான். நீ கோர்ட்டு ஏறுவே, நான் இங்க குந்திகினு மணியாட்டணுமா?" என்றார். அவருக்குப் பின்னால் சுபாஷ், அசல் வீடியோ இருக்கும் போனோடு. அவனும் அழிக்கவில்லையாம், திருட்டுப் பயல். மொத்தம் பதினோரு பேர், இரண்டு ஷேர் ஆட்டோவில் போனோம். நான் பட்டுப்புடவை. "கோர்ட்டுக்கா, கல்யாணத்துக்கா?" என்றான் சுபாஷ். "உனக்குப் பொண்ணு பாக்கப் போறோம், வாய மூடிகினு வா" என்றேன்.

மாஜிஸ்திரேட் சின்னப் பெண், கண்ணாடி போட்டிருக்கிறாள். அன்னக்கிளியக்கா மூலையில் உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வீடியோவைப் போட்டார்கள். என் குரல் அந்த அறை முழுக்க. ஊரார் சிரிக்கும் சத்தம். அந்த நாற்பது நொடியும் எனக்கு நான்கு மாதம்போல இருந்தது.

மாஜிஸ்திரேட் கேட்டாள், "அவர் பயந்து ஓடியிருக்கலாம் இல்லையா? நீங்களே அப்படித்தானே பேசியிருக்கீங்க?"

"அம்மா, நான் பேசினது தப்புமா. என் வாய் அப்படி. இவன் வூட்டு அடுப்ப பாத்தே பயப்படுறவன்தான். ஆனா ஓடல" என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க?"

"ஓடுறவன் எங்க ஊர் எல்லைக் கல்லுல காப்பைக் கட்டிட்டுப் போவான். மிதிச்சவனுது தீயிலேயே போயிடும். இவன் கையில புதன்கிழமை வரைக்கும் காப்பு கீது. உங்க பேப்பர்லயே எழுதிகீது. மிதிக்கவும் இல்ல, ஓடவும் இல்ல. அப்டின்னா யாரோ புடிச்சு வெச்சிருக்காங்க."

போலீஸ் தரப்பு வக்கீல் எழுந்து, "கயித்தை வெச்சு நாள் கணக்குச் சொல்ல இதென்ன காலண்டரா?" என்றார். மாரி பூசாரி பெஞ்சிலிருந்தே, "உன் கையில ராசிக் கயிறு கட்டிகினு வந்துகீறியே, அது இன்னாத்துக்கு?" என்று கத்தினார். மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். சிரிப்பை மறைக்கத்தான், நான் பார்த்தேன். அப்புறம் நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதச் சொல்லி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினாள். மற்ற பத்துப் பேரும் ஆளுக்கு ஒரு கையெழுத்து.

வெளியே வந்தேன். அன்னக்கிளியக்கா வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். காலில் விழலாம் என்று குனிந்தால் இந்தப் பாழாய்ப்போன முழங்கால் பாதியில் மாட்டிக்கொண்டது. அவர்தான் தூக்கிவிட்டார்.

"அக்கா, ஸ்பீக்கர் ஸ்டேஷன் வரைக்கும் கட்டியிருந்தாங்க. நான் பேசினது அவன் காதுல விழுந்திருக்கும்" என்றேன். அதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, மாஜிஸ்திரேட்கூடக் கேட்கவில்லை. ஆனால் சொன்னேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விழுந்திருந்தா அவம் சிரிச்சிருப்பாம். அவம் அப்பிடித்தாம். நாலு நாளு அந்த எடத்துல அவம் பேரச் சொல்லிக் கூப்பிட்டது நீ ஒருத்திதான தாயி" என்றார்.

அதற்கு மேல் இருவரும் நடுரோட்டில் நின்று என்ன செய்தோம் என்று எழுத மாட்டேன். சுபாஷ் டீ வாங்கிக்கொண்டு வந்தான். அதுவும் பச்சைத் தண்ணீராக ஆறிப்போயிருந்தது.

அக்கா

*

மத்தியச் சிறை
29.12.2025

அக்காவுக்கு,

நலம். மிக நலம்.

இதை வார்டில் சத்தமாகப் படித்தேன். பூசாரி இடத்தில் வார்டே கைதட்டியது. கடைசிப் பக்கத்தை மட்டும் சத்தமாகப் படிக்கவில்லை. தனியாக வைத்திருக்கிறேன்.

தென்றல் வந்தார். விசாரணை அறிக்கை எழுதி முடிய நாளாகுமாம், போலீஸ் தரப்பு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஆனால் உங்கள் பதினோரு பேர் வாக்குமூலத்தின் நகலை வைத்து எங்களுக்கு ஜாமீன் மனு போட்டுவிட்டார். பொங்கல் கழித்து வருகிறது.

பைக்கில் பெட்ரோல் போட்டு வை.

திருமலை

*

செங்காட்டூர்
20.1.2026

அன்புள்ள மாப்பிள்ளைத் தம்பிக்கு,

பொங்கல் வாழ்த்து, தாமதமானாலும் சூடாக. மாப்பிள்ளை என்று ஏன் எழுதினேன் என்று முறைக்காதே. ஜாமீன் கிடைத்துவிட்டது என்று தென்றல் போன் செய்ததிலிருந்து வாயில் வருவதெல்லாம் எழுதுகிறேன். ஒன்பது பேருக்கும்! காகிதம் அங்கே வந்துசேர வெள்ளிக்கிழமை ஆகுமாம். இந்தக் கடிதம் அதற்கு முன்னால் வந்தால் நான் ஜெயித்தேன்.

அன்னக்கிளியக்கா பொங்கலிலிருந்து இங்கேதான் இருக்கிறார். விசாரணைக்கு அடுத்த தேதி இருக்கிறதாம், ஊருக்கும் இங்கேயும் அலைய முடியாது என்று நான்தான் பிடித்து வைத்தேன். இப்போது என் மெஸ்ஸில் எனக்கே வேலை இல்லை. வந்த மூன்றாம் நாள் மிளகாய்த் தூள் டப்பா எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு போட்டார். நான்காம் நாள் உன் மாமா அவரிடம் இரண்டு வாக்கியம் பேசினார். இரண்டு! என்னிடம் ஒரு வருஷத்துக்கு ஆகும் கோட்டா. தெற்கத்திப் பிள்ளைகள் தட்டோடு அவரைச் சுற்றியே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தனை வாரினால் நான்கு பேர் சிரிக்கிறார்கள். என்னையும் வாருகிறார். நேற்று நான் பைக்கை எடுத்தபோது, "ஏட்டி, அந்த வண்டி ஒன்ன ஓட்டுதா, நீ அத ஓட்டுதியா?" என்று கேட்டுவிட்டார். ஐம்பது பேர் முன்னால். தம்பி, உன் அக்காவுக்குப் பதில் வரவில்லை. ஊரில் இதைத் திருவிழாபோலப் பேசிக்கொள்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை உன்னைக் கூட்டிவரக் காரில் யார் யார் போவது என்று ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சு. நான் சொந்த அக்கா, முன் சீட் எனக்குத்தான் என்றேன். அன்னக்கிளியக்கா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியை நிறுத்தினார்.

"என் மவன் போட்ட கையெழுத்துலதான அந்தப் புள்ள உள்ள போச்சு? நாந்தான் போய்க் கூட்டிட்டு வரணும்" என்றார்.

உன் மாமாதான் எழுந்து போய், காருக்குச் சொன்னவனிடம் போனில் இன்னொரு சீட் வேண்டும் என்றார்.

ஆகவே கேட்டுக்கொள். கேட் திறந்ததும் முன்னால் அவர் நிற்பார். புதுப்புடவை கட்டியிருப்பார், நான் எடுத்துக் கொடுத்தது. நான் பின்னால் நிற்பேன். நீ முகச்சவரம் செய்துகொண்டு வா. அவரைப் பார்த்து முதலில் சிரி. வாய் திறந்து, பல் தெரிய, நன்றாகச் சிரி. என்னை அப்புறம் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

வழி பார்த்திருக்கும் அக்கா,
கங்கம்மாள்